வெளிநாட்டில் கடன் பத்திரம் விற்பது: வட்டியைப் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

வாசகர் கேள்வி: நான் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் நிதிப் பிரிவில் கணக்காளராக இருக்கிறேன். வெளிநாட்டுச் சந்தையில் ஐந்து ஆண்டுத் தவணையில் 10 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட எங்கள் நிர்வாகம் யோசிக்கிறது. உள்நாட்டில் 10 சதவீத வட்டி, அங்கே 6 சதவீதம்தான் என்பது அவர்கள் சொல்லும் காரணம். யாங்கி, சாமுராய், யூரோ பாண்டு என்று கூட்டங்களில் பல பெயர்கள் அடிபடுகின்றன. எனக்கு எதுவும் பிடிபடவில்லை. இவை எப்படி இயங்குகின்றன? அந்த 4 சதவீதம் உண்மையிலேயே மிச்சம்தானா? திருப்பித் தர முடியாமல் போனால் என்ன நடக்கும்? என் பங்கில் நான் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்:

இரண்டாவது கேள்விதான் உங்கள் நிறுவனத்தின் தலைவிதியைத் தீர்மானிக்கப் போகிறது. அதற்கு வருவதற்கு முன் அந்தப் பெயர்களின் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம்.

வெளிநாட்டில் விற்கும் எந்தக் கடன் பத்திரம் ஆனாலும் மூன்று விஷயங்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். கடன் எந்த நாணயத்தில்? எந்தச் சந்தையில், யாருடைய விதிகளின் கீழ் விற்பனை? தகராறு வந்தால் எந்த நாட்டுச் சட்டம்? இந்த மூன்றுக்கும் ஒரே நாடுதான் பதிலாக வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பலரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். வட்டி எவ்வளவு என்ற கேள்வி நாலாவதாக வரட்டும்.

ஒரு வெளிநாட்டு நிறுவனம் அமெரிக்காவுக்குள் போய், அங்குள்ள விதிகளுக்கு உட்பட்டு, டாலரில் கடன் பத்திரம் விற்றால் அது யாங்கி பாண்டு. ஜப்பானில் யென்னில் விற்றால் சாமுராய்; 1970இல் ஆசிய வளர்ச்சி வங்கி 600 கோடி யென்னுக்கு வெளியிட்டதுதான் முதல் சாமுராய். பிரிட்டனில் பவுண்டில் விற்றால் புல்டாக், கனடாவில் மேப்பிள், ஆஸ்திரேலியாவில் கங்காரு. சீனாவில் யுவானில் விற்பது பாண்டா. 2005இல் ஆசிய வளர்ச்சி வங்கியும் சர்வதேச நிதிக் கழகமும் அதைத் தொடங்கிவைத்தன. இவை எல்லாம் ஒரே வகை: கடன் வாங்குபவர் மட்டும் வெளியூர், மற்றதெல்லாம் அந்த நாட்டுடையது.

யூரோ பாண்டு வேறு. அதற்கும் யூரோ நாணயத்துக்கும் தொடர்பில்லை. அது பிறந்த 1963இல் அந்த நாணயமே கிடையாது. ஒரு நாணயத்தில் எழுதிய கடன் பத்திரத்தை, அந்த நாணயம் புழங்கும் நாட்டுக்கு வெளியே, பல நாட்டு முதலீட்டாளர்களிடம் ஒரே நேரத்தில் விற்பதுதான் யூரோ பாண்டு. 1963 ஜூலையில் வந்த அந்த முதல் யூரோ பாண்டில், இத்தாலியின் நெடுஞ்சாலை நிறுவனமான ஆட்டோஸ்ட்ராடே, லண்டனில் எஸ்.ஜி. வார்பர்க் வங்கியின் ஏற்பாட்டில் 1.5 கோடி டாலர் திரட்டியது. 15 ஆண்டுத் தவணை, 5.5 சதவீத வட்டி. கடன் வாங்கியது இத்தாலி, ஏற்பாடு லண்டன், பட்டியலிட்டது லக்சம்பர்க், பணம் அமெரிக்க டாலர். அதே மாதம் அமெரிக்கா, தன் மக்கள் வெளிநாட்டுப் பத்திரங்களை வாங்கினால் அதன் மேல் வரி விதிக்கப்போவதாக அறிவித்தது. வெளிநாட்டவர்கள் நியூயார்க்கில் கடன் வாங்குவதைக் குறைப்பதுதான் நோக்கம். 1974இல் அந்த வரி நீங்கியது. ஆனால் லண்டனுக்குப் போன வியாபாரம் திரும்பவில்லை. உங்கள் நிர்வாகம் யோசிப்பது பெரும்பாலும் இந்த வகையாகத்தான் இருக்கும்.

சரி, அமெரிக்க முதலீட்டாளர்களின் பணமும் வேண்டும், அங்கே முழுப் பதிவு செய்யும் செலவும் வேண்டாம் என்றால்? அதற்கு 1990இல் வந்த 144ஏ விதி இருக்கிறது. குறைந்தது 10 கோடி டாலர் மதிப்புள்ள பத்திரங்களைக் கையாளும் பெரிய முதலீட்டு நிறுவனங்களுக்கு மட்டும், அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தில் பதிவு செய்யாமலே விற்கலாம். அமெரிக்காவுக்கு வெளியே, அங்கே பதிவு செய்யாமல் விற்பதற்கான விதி ரெகுலேஷன் எஸ். வங்கிக்காரர்கள் "ரெக் எஸ் மட்டுமா, 144ஏவும் சேர்த்தா?" என்று கேட்பது இதைத்தான். இரண்டாவதைச் சேர்த்தால் வாங்குபவர்கள் அதிகம். வழக்கறிஞர் செலவும் ஆவணங்களின் கனமும் அதற்கேற்ப அதிகம்.

இன்னொரு வகையையும் தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் இரண்டாவது கேள்விக்கு அது வெளிச்சம் தரும். சொந்த நாட்டு நாணயத்திலேயே கடனை எழுதி, வெளிநாட்டில் விற்பது. ரூபாயில் என்றால் மசாலா பாண்டு, யுவானில் என்றால் டிம் சம். மசாலா பாண்டில் அசலும் வட்டியும் ரூபாயில் குறிக்கப்படும். கொடுப்பது மட்டும் அன்றைய மாற்று விகிதப்படி டாலரில். ரூபாய் சரிந்தால் நஷ்டம் கடன் கொடுத்தவருக்கு. அந்த ஆபத்தைச் சுமக்க அவர்கள் கூலி கேட்பார்கள், வட்டியாக. 2019இல் கேரள அரசின் உள்கட்டமைப்பு முதலீட்டு வாரியமான கிஃப்பி, லண்டன் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட 2,150 கோடி ரூபாய் மசாலா பாண்டின் வட்டி 9.723 சதவீதம். வெளிநாட்டில் விற்றால் வட்டி குறையும் என்பது பொதுவிதி இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். டாலரில் வட்டி குறைவாகத் தெரிவதற்குக் காரணம், நாணய ஆபத்து உங்கள் தோளில் இருப்பதுதான்.

இப்போது அந்த 4 சதவீதம். உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். இன்று ஒரு டாலருக்கு உங்கள் நாணயத்தில் 80 என்று வையுங்கள். 10 கோடி டாலர் என்பது 800 கோடி. உள்நாட்டில் வாங்கினால் ஆண்டு வட்டி 80 கோடி. டாலரில் 60 லட்சம், அதாவது இன்றைய விலையில் 48 கோடி. ஆண்டுக்கு 32 கோடி மிச்சம், ஐந்து ஆண்டில் 160 கோடி. கூட்டத்தில் காட்டப்பட்ட ஸ்லைடு இதுவாகத்தான் இருந்திருக்கும்.

அந்த ஸ்லைடில் விடுபட்டது அசல். ஐந்தாம் ஆண்டு முடிவில் டாலர் 110 ஆகிவிட்டால் நீங்கள் கட்ட வேண்டியது 1,100 கோடி. கூடுதல் 300 கோடி. சேமித்த 160 கோடி போய், அதற்கு மேலும் கையிலிருந்து போகும். இடைப்பட்ட ஆண்டுகளில் வட்டியும் உங்கள் நாணயத்தில் ஏறிக்கொண்டே வந்திருக்கும். இரண்டு கடனும் சமமாகும் புள்ளி எது? 1.10ஐ 1.06ஆல் வகுத்தால் 1.0377. ஆண்டுக்குச் சுமார் 3.8 சதவீதம் வீதம் உங்கள் நாணயம் வலுவிழந்தால் ஐந்து ஆண்டில் டாலர் 96க்குச் சற்று மேலே போகும். அந்தப் பாதையில் இரண்டு கடனின் செலவும் ஒன்றுதான். அதைவிட வேகமாகச் சரிந்தால் டாலர் கடன்தான் விலை அதிகம். இந்த ஒரு கணக்கை நிர்வாகத்தின் முன் வையுங்கள். பிறகு, கடந்த பத்து, இருபது ஆண்டுகளில் உங்கள் நாணயம் ஆண்டுக்குச் சராசரியாக எவ்வளவு சரிந்தது என்பதையும் பக்கத்திலேயே வையுங்கள்.

சராசரி மட்டும் போதாது. நாணயங்கள் பல ஆண்டுகள் அசையாமல் இருந்துவிட்டு ஒரே மூச்சில் விழும். தாய்லாந்தின் பாட் 1997 ஜூலை 2 வரை டாலருக்கு 25 என்ற அளவில் கட்டப்பட்டிருந்தது. அடுத்த ஜனவரியில் 50ஐத் தாண்டியது. டாலரில் கடன் வாங்கி, பாட்டில் சம்பாதித்த நிறுவனங்களின் கடன் ஆறே மாதத்தில் இரட்டிப்பானது. அவர்களும் வட்டி குறைவு என்றுதான் வாங்கினார்கள். அவர்களில் பலர் தொழிலை மோசமாக நடத்தியவர்கள் அல்ல. வருமானம் ஒரு நாணயத்திலும் கடன் இன்னொரு நாணயத்திலும் இருந்ததே அவர்களை வீழ்த்தப் போதுமானதாக இருந்தது.

"ஹெட்ஜ் செய்துகொள்ளலாமே" என்பார்கள், அதாவது நாணயச் சரிவுக்கு எதிராக முன்கூட்டியே பாதுகாப்பு வாங்கிக்கொள்ளலாமே என்று. செய்யலாம், செய்யத்தான் வேண்டும். ஆனால் டாலர் கடனை உங்கள் நாணயக் கடனாக வங்கியிடம் மாற்றிக்கொள்ளும் நாணய ஸ்வாப்பின் விலையிலேயே இரு நாட்டு வட்டி வித்தியாசம் அடங்கியிருக்கிறது. முழுமையாக ஹெட்ஜ் செய்தால் உங்கள் செலவு மறுபடியும் 10 சதவீதத்தின் பக்கத்தில்தான் வந்து நிற்கும். சில நேரம் சற்றுக் கீழே, சில நேரம் மேலே. அதனால் சிலர் பாதி ஹெட்ஜ் செய்வார்கள். டாலர் 80இலிருந்து 95 வரை ஏறினால் வங்கி ஈடு செய்யும், அதற்கு மேல் ஏறினால் உங்கள் பாடு என்பது போன்ற ஏற்பாடு; கால் ஸ்ப்ரெட் என்பார்கள். இந்தப் பாதுகாப்புக்குக் கொடுக்கும் கட்டணமான பிரீமியம் குறைவு என்பதால் இது பிடிக்கும். ஆனால் சாதாரண சரிவை எப்படியாவது சமாளித்துவிடலாம். நிறுவனத்தை மூழ்கடிப்பது பெரிய சரிவுதான். அதற்குத்தான் இதில் பாதுகாப்பு இல்லை. உங்கள் நிர்வாகம் இதைத் தேர்ந்தெடுத்தால் அந்த மேல்வரம்பைத் தாண்டிய நிலைமைக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டாமல் விடாதீர்கள்.

இயற்கையாகவே ஹெட்ஜ் இருக்கும் நிறுவனங்கள் உண்டு: ஏற்றுமதி செய்து டாலரில் வருமானம் பெறுபவர்கள். உங்கள் நிறுவனத்தின் விற்பனையில் எவ்வளவு உண்மையில் டாலரில் வசூலாகிறது என்று பாருங்கள். ஆண்டுக்கு 60 லட்சம் டாலர் வட்டியையும் கடைசியில் 10 கோடி அசலையும் அந்த வருமானமே தாங்குமென்றால், நான் இதுவரை சொன்ன பயத்தில் பெரும்பகுதி உங்களுக்குப் பொருந்தாது. அப்போது டாலர் கடன் நல்ல யோசனை.

அசல் பற்றி இன்னொன்று. வங்கிக் கடன் போல இது தவணை தவணையாக அடைவதில்லை. பொதுவாக முழு அசலும் கடைசி நாளில் ஒரே தொகையாக விழும். பெரும்பாலான நிறுவனங்கள் அன்று புதுப் பத்திரம் விற்றுப் பழையதை அடைக்கலாம் என்ற நம்பிக்கையில் இருக்கின்றன. கொரோனா பீதியில் சந்தை உறைந்த 2020 மார்ச் போன்ற ஒரு மாதத்தில் உங்கள் முதிர்வு நாள் விழுந்தால் புதிதாக வாங்க ஆளே இருக்காது. முதிர்வுக்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டு முன்பே அடைக்கும் ஏற்பாட்டைத் தொடங்குபவர்கள்தான் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

விற்பனை நடக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்றோ பலவோ வங்கிகளை, விற்பனையை நடத்தும் லீட் மேனேஜர்களாக நியமிப்பீர்கள். மூடிஸ், எஸ் அண்டு பி, ஃபிட்ச் போன்றவற்றிடம் ரேட்டிங், அதாவது கடன் தகுதி மதிப்பீடு வாங்குவீர்கள். வழக்கறிஞர்கள் உங்கள் பக்கம் ஒரு குழு, வங்கிகளின் பக்கம் ஒரு குழு. முதலீட்டாளர்களைச் சந்திக்கும் ரோடுஷோ. பிறகு ஒரு காலையில் உத்தேச விலை, அதாவது உத்தேச வட்டி அறிவிப்பார்கள். ஆர்டர்கள் சேரச் சேர அந்த வட்டியைக் குறைப்பார்கள். பெரும்பாலும் அன்றே விலை முடிவாகிவிடும். டாலர் பத்திரத்தின் விலை "ஐந்து ஆண்டு அமெரிக்க அரசுப் பத்திரத்துக்கு மேல் இத்தனை பேசிஸ் பாயின்ட்" என்றுதான் பேசப்படும். நூறு பேசிஸ் பாயின்ட் ஒரு சதவீதம். ஆக உங்கள் வட்டியில் ஒரு பகுதியை அமெரிக்க அரசுப் பத்திரச் சந்தை தீர்மானிக்கிறது, மறுபகுதிதான் உங்கள் பெயருக்கானது. பணம் கைமாறுவது சில நாள் கழித்து. காகிதப் பத்திரங்கள் யாருக்கும் போவதில்லை. மொத்தக் கடனுக்கும் ஒரே ஒரு உலகளாவிய பத்திரம் எழுதி வைப்பகத்தில் வைத்துவிடுவார்கள். அதன் மேலான உரிமை பிரஸ்ஸல்ஸின் யூரோகிளியர், லக்சம்பர்க்கின் கிளியர்ஸ்ட்ரீம் ஆகிய தீர்வு நிறுவனங்களின் கணக்குகளில் கைமாறிக்கொண்டிருக்கும். உங்களுக்குக் கடன் கொடுத்திருப்பவர் யார் என்பதே ஒரு கட்டத்துக்கு மேல் உங்களுக்குத் தெரியாது.

இந்த இடத்தில் உங்கள் கடிதத்தில் இருந்த தொகையைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். 10 கோடி டாலர் இந்தச் சந்தைக்குச் சிறியது. வளரும் நாட்டு நிறுவனப் பத்திரங்களுக்கு ஜே.பி. மார்கன் நடத்தும் செம்பி குறியீட்டில் இடம் பெறவே குறைந்தது 30 கோடி டாலர் வேண்டும். அந்தக் குறியீட்டைப் பார்த்து வாங்கும் ஃபண்டுகள் சிறிய வெளியீட்டின் பக்கம் அதிகம் வரமாட்டார்கள். வருபவர்களும், பின்னால் விற்பது கடினம் என்பதால் கூடுதல் வட்டி கேட்பார்கள். வழக்கறிஞர், ரேட்டிங், தணிக்கைச் செலவுகளோ தொகை சிறியது என்பதற்காகக் குறையாது. இந்த அளவுக்குப் பல வங்கிகள் சேர்ந்து கொடுக்கும் கூட்டுக் கடனோ, சில காப்பீட்டு நிறுவனங்களிடம் நேரடியாக விற்கும் தனியார் வெளியீடோதான் பொருத்தம் என்பது என் கருத்து. அவற்றில் அசலைத் தவணைகளாகப் பிரிக்கவும் பேசலாம்.

வரி இன்னொரு கண்ணி. வெளிநாட்டவருக்குக் கொடுக்கும் வட்டியில் உங்கள் நாடு வரி பிடித்தம் செய்யுமானால், அதை முதலீட்டாளர் ஏற்கமாட்டார். தனக்கு வர வேண்டிய தொகை குறையாமல் வரும்படி நீங்களே ஈடு கட்ட வேண்டும் என்ற ஷரத்து ஏறக்குறைய எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். பிடித்தம் 10 சதவீதம் என்றால் 6 சதவீத வட்டி உங்களுக்கு 6.67 சதவீதமாக விழும். நிர்வாகத்தின் கணக்கில் இது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கொடுக்க முடியாமல் போனால்? இங்குதான் மூன்றாவது விஷயமான சட்டம் வருகிறது. இந்தப் பத்திரங்கள் பெரும்பாலும் ஆங்கிலச் சட்டம் அல்லது நியூயார்க் சட்டத்தின் கீழ் எழுதப்படுகின்றன. அதன் பொருள் என்ன என்பதை 2012இல் கிரீஸ் காட்டியது. தன் சொந்தச் சட்டத்தில் இருந்த பத்திரங்களின் நிபந்தனைகளை நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் போட்டு மாற்றி, முதலீட்டாளர்களுக்குத் திரும்ப வர வேண்டிய தொகையைப் பெருமளவு வெட்ட முடிந்தது. ஆங்கிலச் சட்டத்தில் இருந்தவற்றை அப்படித் தொட முடியவில்லை. ஒத்துக்கொள்ளாமல் நின்றவர்களில் சிலருக்கு அந்த மே மாதமே சுமார் 43.5 கோடி யூரோவை முழுதாகக் கொடுக்க வேண்டி வந்தது. அர்ஜென்டினாவின் கதை இன்னும் நீளம். 2001இல் கடனை நிறுத்தி, 2005இலும் 2010இலும் பெரும்பாலானோருடன் சமரசம் செய்துகொண்டது. சமரசத்துக்கு வராத ஃபண்டுகள் நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்கை இழுத்தன. 2012இல் அந்நாட்டுக் கடற்படையின் பயிற்சிக் கப்பல் லிபர்டாட்டை கானா துறைமுகத்தில் சில வாரங்கள் தடுத்து வைக்கவே வைத்தன. 2016இல்தான் பணம் கொடுத்து முடித்தார்கள். அதனால்தான் இன்றைய அரசுப் பத்திரங்களில், குறிப்பிட்ட பெரும்பான்மையினர் ஒத்துக்கொண்டால் மற்றவர்களையும் அது கட்டுப்படுத்தும் என்ற ஷரத்தைச் சேர்க்கிறார்கள்.

நிறுவனங்களுக்கும் இதே தலைவலி உண்டு. ஆங்கிலச் சட்டத்தில் எழுதிய கடனை வேறொரு நாட்டின் திவால் நடவடிக்கை ரத்து செய்ய முடியாது, கடன் கொடுத்தவரே அந்த நடவடிக்கையில் கலந்துகொண்டால் ஒழிய என்று 1890இல் கிப்ஸ் வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம் சொன்னது. உங்கள் ஊர் நீதிமன்றம் கடனைக் குறைத்துத் தந்தாலும் லண்டனில் அது செல்லாமல் போகலாம். அப்புறம், கிராஸ் டிஃபால்ட் ஷரத்து: ஒரு வங்கிக் கடனில் நீங்கள் தவறினால் இந்தப் பத்திரமும் தவறியதாகக் கருதப்படும். எந்தத் தொகைக்கு மேல் அது செயல்படும் என்பது பேசி முடிவு செய்யும் எண். அது மிகச் சிறியதாக எழுதப்பட்டிருந்தால் ஒரு சின்னத் தகராறு முழுக் கடனையும் உடனே கேட்க வைத்துவிடும்.

உங்கள் பங்குக்கு வருகிறேன். வெளியீட்டின் போது தணிக்கையாளர் வங்கிகளுக்கு ஓர் உறுதிக் கடிதம் தருவார். கடைசியாகத் தணிக்கையோ ஆய்வோ செய்த கணக்குத் தேதியிலிருந்து 135 நாள் ஆகிவிட்டால், வங்கிகள் கேட்கும் முழு அளவிலான உறுதியை அவர் தர முடியாது. டிசம்பர் 31 கணக்கு என்றால் மே மாத நடுவுக்குள் பணம் கைமாறியிருக்க வேண்டும். இல்லையென்றால் காலாண்டுக் கணக்கை ஆய்வு செய்து புதுப்பிக்க வேண்டும். பல வெளியீடுகளின் கால அட்டவணையைத் தீர்மானிப்பது இந்த ஒரு விதிதான். அதை நிர்வாகத்துக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியவர் நீங்கள்.

வரைவு விளக்க ஆவணம் கைக்கு வந்ததும் வட்டிப் பக்கத்தை விட்டுவிட்டு, பத்திரத்தின் நிபந்தனைகள் என்ற பகுதிக்குப் போங்கள். வரி ஈடு, கிராஸ் டிஃபால்ட் தொகை, சொத்துகளை வேறு யாருக்கும் அடமானம் வைக்கக் கூடாது என்ற ஷரத்து, உரிமையாளர் மாறினால் முதலீட்டாளர்கள் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை, ஆளும் சட்டம் ஆகிய ஐந்தையும் உங்கள் மொழியில் ஒரு பக்கத்துக்கு எழுதி, நிதி இயக்குநரிடம் கொடுங்கள். வெளியீடு முடிந்த பிறகு நாட்காட்டியில் வட்டி நாளைக் குறிக்காமல், அதற்கு முந்தைய வேலை நாளைக் குறியுங்கள். முதலீட்டாளர்களுக்குப் பணத்தைப் பட்டுவாடா செய்யும் பேயிங் ஏஜென்டின் கணக்கில் டாலர் அன்றே இருக்க வேண்டும் என்பது வழக்கம். உங்கள் ஊர் விடுமுறையோடு நியூயார்க் விடுமுறையையும் சேர்த்துப் பாருங்கள். அந்நியச் செலாவணி அனுமதிக்கு எத்தனை நாள் ஆகும் என்பதை உங்கள் வங்கியிடம் முதல் வட்டிக்கு ஒரு மாதம் முன்பே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.